வெறும் பாத்திரம்

ஹைதராபாத்தில், குஷாய்குடா ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நூற்றுப் பதினாலாம் நம்பர் வீட்டின் பின்பக்கம் ஸ்கூட்டர் நிறுத்துவதற்கென்று ஒரு கொட்டகை உண்டு. இருதயராஜ் அதில் ஒரு நாள்கூட ஸ்கூட்டரை நிறுத்தியதில்லை. ஃபேக்டரியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, வரிசையில் காத்திருந்து வாங்கிய அந்த ஸ்கூட்டர் இருபது வருஷமாக வெயிலிலும் மழையிலும் வேப்ப மரத்தடியில்தான் நின்றது. கொட்டகைக்குள் நிழலில் சொகுசாக இருந்தவை அண்டாக்கள்.

பதினோரு அண்டா, ஆறு சருவம், நாலு பெரிய தாம்பாளம், ஒரு சாக்கு நிறையக் கரண்டிகள். கல்யாணமோ கருமாதியோ, காலனியில் யார் வேண்டுமானாலும் பின்கதவைத் தட்டி, இருதயராஜின் மனைவி ஆக்னஸிடம் கேட்டு எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை கிடையாது. காலனியைத் தாண்டி, ரயில்வே லைனுக்கு அந்தப்புறம் குடிசைகள் நிறைந்த பஸ்தி ஜனங்களும் வருவார்கள். தமிழ் வீட்டுக்காரர்கள் அண்டா என்பார்கள், தெலுங்குக்காரர்கள் கங்காளம் என்பார்கள், ஜுலைகா போன்ற உருதுக்காரர்கள் தேக்சா என்பார்கள். மூன்று பேருக்கும் ஆக்னஸ் ஒரே பாத்திரத்தைத்தான் எடுத்துக் கொடுப்பாள்.

எல்லாம் ஒரு சாவில் ஆரம்பித்தது. எண்பத்தாறில், ஒரு சங்கராந்தி அன்று, காலனிக்காரர் ஒருவரைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அப்பா இங்கேயே இறந்துபோனார். பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற டென்ட் ஹவுஸ்காரன் கடையைப் பூட்டிவிட்டு மாமனார் ஊருக்குப் போயிருந்தான். குளிப்பாட்ட வெந்நீர் போட ஒரு பெரிய பாத்திரம் இல்லை. எட்டு வீட்டு குக்கரில் வெந்நீர் வைத்து, பெண்கள் பிடிதுணியோடு வரிசையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த வெட்கம் ஆறுவதற்குள் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து செகந்திராபாத் ஜெனரல் பஜாருக்குப் போய் ஓர் ஆளை உள்ளே உட்கார வைக்கிற அளவுக்கு ஒரு அண்டா வாங்கின. வாங்கிய கையோடு சண்டையும் வந்தது. பாத்திரம் என்றால் பேர் வெட்ட வேண்டுமே, யார் பேர் முதலில்? கடைக்காரன் வெட்டுகிற ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருந்தான். கடைசியில் இருதயராஜ், "பேரே வேண்டாம், பெரியவர்னு கூப்பிட்டுக்குவோம்" என்றார். அன்றிலிருந்து அது பெரியவர். "பெரியவர் இன்னைக்கு யாரு வீட்டுக்குப் போயிருக்காரு?" என்று கேட்காத நாள் இல்லை.

மற்றவற்றில் எல்லாம் பேர் உண்டு. ராமசுவாமி பட்டு தம்பதியர் மூத்த மகள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த அண்டா. ஜுலைகாவின் மகன் சுன்னத்துக்கு வந்த அண்டா, அதில் உருது எழுத்தில் பேர். மாதா கோவிலில் பிள்ளை வாங்கிய முதல் நன்மைக்கு ஒன்று, பெண் வயதுக்கு வந்த சடங்குக்கு ஒன்று. வீட்டில் நல்லது நடந்தால் கொட்டகைக்கு ஒரு பாத்திரம் வந்து சேரும்.

வாடகை இல்லையே தவிர, ஒரு பழக்கம் இருந்தது. பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. ஆக்னஸ் பிறந்த தூத்துக்குடிப் பக்கத்தில் அடுத்த வீட்டுக் கிண்ணத்தில் குழம்பு வந்தால், கிண்ணத்தைக் கழுவி நாலு வாழைக்காய் வற்றலாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். இங்கே வந்து பார்த்தால் தெலுங்கு வீடுகளிலும் அதே பழக்கம், சாயபு வீடுகளிலும் அதே பழக்கம். அதனால் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பளபளவென்று தேய்த்த அண்டாவின் அடியில் இரண்டு பிடி அரிசியோ, ஒரு உருண்டை புளியோ, ஒரு தேங்காயோ கிடக்கும். இல்லாதவர்கள் ஒரு கை வரமிளகாய் போடுவார்கள். ஆக்னஸ் அவற்றை மூன்று டின்னில் பிரித்து வைப்பாள். அடுத்து ஒரு சாவு வீட்டுக்கோ கையில் ஒன்றுமில்லாத வீட்டுக்கோ அண்டா போகிறபோது, டின்னில் இருப்பதை உள்ளே கொட்டித்தான் அனுப்புவாள். யார் வீட்டு அரிசி யார் வீட்டு உலையில் கொதித்தது என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

இப்படியே போய்க்கொண்டிருந்ததற்கு இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் முடிவு வருவதாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் இருதயராஜுக்கு ரிட்டயர்மென்ட். ஜூன் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நாகாரத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். படுக்கை அறை இரண்டு, அதில் ஒன்றில் கட்டில் போட்டால் கதவு திறக்காது.

பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம், ஆக்னஸ் முறத்தில் கோங்குராக் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். இருதயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, கிள்ளுகிறேன் பேர்வழி என்று காம்போடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, காம்ப எடுத்துட்டுப் போடுங்க. முப்பது வருசமா சொல்லுதேன்."

"ரிட்டயர் ஆனபொறவு சரியா கிள்ளுதேன். இப்பமே கத்துக்கிட்டா அப்பம் என்ன செய்ய?"

"வெளையாடாதிய. இந்த அண்டாவ எல்லாம் என்ன செய்யப் போறோம்?"

"பெரியவர ஹால்ல வச்சு, மேல ஒரு பலகையப் போட்டு டைனிங் டேபிள் ஆக்கிருவோம்."

"லிஃப்ட்டுல ஏறுவாரா அவரு? நீங்களே ஒருக்களிச்சுத்தான் ஏறுதிய."

இருதயராஜ் சிரித்தார். ஆக்னஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதா கோவில் சாமியாரைக் கேட்டாயிற்று, இடமில்லை. தமிழ்ச் சங்கத்துக்காரர்களைக் கேட்டாயிற்று, அவர்களுக்கே அறை வாடகைக்குத்தான். பழைய இரும்புக்காரன் ஒருத்தன் கொட்டகைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எடைக்குப் போடுகிறீர்களா என்று கேட்டான். அவனை அவள் விரட்டிய விரட்டில் அவன் செருப்பை விட்டுவிட்டுப் போனான். பேசியது அவனிடம் கோபமாக இருந்தாலும், உள்ளே பயம்தான். இந்த ஊரில் அவள் முப்பது வருஷம் இருந்ததற்கு அந்தக் கொட்டகை ஒன்றுதான் அர்த்தமாகத் தெரிந்தது.

அந்த வாரமே பத்மப்ரியா வந்தாள். பேகம்பேட்டில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. திருச்சிப் பெண், ஹைதராபாத் வந்து ஒன்றரை வருஷம். கம்பெனி சமூக சேவைக்கென்று பணம் ஒதுக்கி, அதைச் செலவழிக்கிற பொறுப்பை இவள் தலையில் கட்டியிருந்தது. இந்தக் காலனியில் வளர்ந்த வெங்கட் என்ற பையன் அவளோடு வேலை பார்க்கிறான், அவன் சொல்லித்தான் வந்திருந்தாள். கொட்டகையைப் பார்த்ததும் வாயில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, இருபது வருஷமா ஃப்ரீயாவா? யார்கிட்டயும் டொனேஷன் கேட்டதில்லையா?"

"கேக்காமலே வந்துச்சு பிள்ள. நீ மோர் குடி, வெயில்ல வந்திருக்க."

மோரைக் குடித்துவிட்டு ஒரு ஃபாரத்தை எடுத்தாள். இடது பக்கம் கொடுப்பவர்கள், வலது பக்கம் பயனாளிகள். "பேர் சொல்லுங்க ஆன்ட்டி, நான் எழுதிக்கிறேன். மொதல்ல கொடுக்கிறவங்க."

"ராமசுவாமி சாரு, பட்டு மாமி. பொறவு ஜுலைகா. யாதம்மா."

"சரி. பயனாளிகள்?"

"ராமசுவாமி சாரு. அவுக அம்மா இறந்தப்ப அஞ்சு அண்டா போச்சு. ஜுலைகா. யாதம்மா."

பத்மப்ரியா பேனாவை நிறுத்தினாள். "இல்ல ஆன்ட்டி, யாதம்மா யாரு?"

"ரயில்வே லைனுக்கு அங்கிட்டு இருக்கா. கட்டட வேலைக்குப் போறா. மாதாப்பூர்ல நீங்கள்லாம் ஆபீஸ் கட்டுதியள்லா, அதுக்குக் காங்கிரீட்டு சுமக்குறவ."

"அப்ப அவங்க பயனாளிதான். கொடுக்கிறவங்க லிஸ்ட்ல வர மாட்டாங்க."

"வருவா பிள்ள. அவ கொண்டாந்து போட்ட புளியிலதான் ஜுலைகா மாமியா காரியத்துக்கே சாம்பார் வச்சோம்."

இருதயராஜ் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நடுவுல ஒரு கோடு இருக்குல்லா, அத அழிச்சிரும்மா. வேல சுளுவா முடிஞ்சிரும்."

பத்மப்ரியா சிரித்தாள். ஆனால் கோட்டை அழிக்கிற அதிகாரம் அவளுக்கு இல்லை. அவள் கொண்டு வந்த செய்தி பெரியது. பஸ் டெப்போ பக்கத்தில் ஷட்டர் போட்ட ஒரு அறையைக் கம்பெனி மூன்று வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தரும். இரும்பு ரேக், புதுப் பாத்திரங்கள், மளிகை மூட்டை எல்லாம் வரும். இரண்டே நிபந்தனை. இந்த ஊரில் ஏழைகளுக்குத் தருகிற வெள்ளை ரேஷன் கார்டு இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும். அவர்களிடமிருந்து பதிலுக்கு ஒன்றும், ஒரு மிளகாய்கூட, வாங்கக் கூடாது.

"ஏழைங்ககிட்ட அரிசி வாங்கறோம்னு யாராவது எழுதிட்டா தப்பாயிடும் ஆன்ட்டி. இலவசம்னா முழுசா இலவசமா இருக்கணும். அவங்க கஷ்டப்பட்டு எதுக்குக் கொடுக்கணும்? பாவம் இல்லையா?"

  ஆக்னஸுக்கு ஜூன் மாதம் கண்முன்னால் நின்றது. அண்டாக்கள் பிழைத்தால் போதும் என்று தலையாட்டினாள்.

மார்ச் முதல் வாரத்தில் திறப்பு விழா. கம்பெனி பேர் போட்ட பனியனோடு நாற்பது பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஏஸி அறையில் உட்கார்ந்து பழகிய கைகள் அண்டாவை ஒவ்வொன்றாகத் தூக்கி, வியர்த்து வழிந்து, ரேக்கில் அடுக்கின. பெரியவரை நாலு பேர் தூக்கினார்கள். ஷட்டருக்கு மேல் போர்டு மாட்டினார்கள். தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது: பாத்திரங்கள் இலவசம், பதிலுக்கு எதுவும் தர வேண்டாம். ஆக்னஸுக்குச் சால்வை போட்டார்கள். போட்டோவில் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பத்து மணிக்குப் போய் ஷட்டரைத் தூக்கினாள். பஸ் டெப்போ புழுதியும் டீசல் வாசனையும் ஷட்டர் வழியாக உள்ளே வந்து அண்டாக்களின் மேல் படிந்தன. துடைத்துக்கொண்டே இருந்தாள், ஏனென்றால் வேறு வேலை இல்லை. பட்டு மாமி இளைய மகள் சீமந்தத்துக்கு ஒரு அண்டா கேட்டு வந்தாள். வெள்ளை ரேஷன் கார்டு வேண்டும் என்று ஆக்னஸ் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "எங்காத்துப் பேர் வெட்டின பாத்திரம்டி அது, அதுகூடவா?" என்று மாமி கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் ஆட்டோ ஏறினாள்.

கார்டு இருந்தவர்கள் எடுத்துப் போனார்கள், திருப்பிக் கொண்டு வந்தார்கள். ஆக்னஸ் பழக்கத்தில் உள்ளே கையை விட்டுப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. இருக்கக் கூடாது என்றுதானே மேலே எழுதி மாட்டியிருக்கிறது? ஆனாலும் கை தானாகப் போனது. வருகிறவர்கள் முன்பு போல உட்கார்ந்து பேசவில்லை. கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டார், கறி போதுமானதா, பெண் அழுதாளா என்று ஒரு சேதியும் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு அண்டா அடிப்பிடித்த கருப்போடு, தேய்க்காமல் வந்தது. இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கொண்டு வந்தவன், "கம்பெனி சாமான்தானே அம்மா" என்றான். ஆக்னஸ் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு வந்து, அறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து மத்தியானம் வரை தேய்த்தாள். கருப்பு போனது. மனசு தெளியவில்லை.

ஏப்ரல் நடுவில் ஜுலைகா வந்து சேதி சொன்னாள். வேலூர்ப் பக்கத்துப் பூர்வீகம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹைதராபாத். அவள் தமிழில் பாதி உருதுதான்.

"அக்கா, யாதம்மா ரெண்டாவது பொண்ணுக்கு நிச்சயம் நடந்துச்சே, தெரியுமா?"

"எப்பம்?"

"நேத்து. டென்ட் ஹவுஸ்ல தேக்சா எடுத்துருக்கா. வாடகை கொடுத்து! கைக்கு, எதுக்கு அக்கா? நம்மகிட்ட இல்லையா? நான் கேட்டேன். நக்கோ, வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டா."

"நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"ஹவ், ஆமா. அதான் நானும் சொல்றேன்."

ஆக்னஸுக்குச் சுருக்கென்றது. யாதம்மாவின் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது அண்டா போனது. மூத்த மகள் கல்யாணத்துக்குப் போனது. அந்த வீட்டு நல்லது கெட்டது எல்லாம் கொட்டகைக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் டென்ட் ஹவுஸ் படி ஏறினாள் என்றால் என்ன அர்த்தம்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு, வெயில் ஏறுவதற்குள் ரயில்வே லைனைத் தாண்டிப் போனாள். யாதம்மா வாசலில் அடுப்பு மூட்டி, சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க விடியற்காலையில் லாரி ஏறி மாதாப்பூர் போகிறவளுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டு அடுப்பு. மாவை உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் தொட்டுத் தட்டத் தட்ட அது நிலா அகலத்துக்கு விரிந்தது. ஆக்னஸைப் பார்த்ததும் ஒரு கோணியை இழுத்துப் போட்டாள். தட்டில் சூடாக ஒரு ரொட்டியும் வெங்காயக் காரமும் வைத்தாள். எல்லாம் மரியாதையாகத்தான். முகத்தைத்தான் நிமிர்த்தவில்லை.

அவள் பேசுவது தெலங்கானாத் தெலுங்கு. முப்பது வருஷப் பழக்கத்தில் ஆக்னஸும் அதிலேயே பேசினாள்.

"பொண்ணுக்கு நிச்சயம்னு எனக்குச் சொல்லலியே யாதம்மா."

"பிழைப்பு ஓட்டத்துல மறந்துட்டேன் அம்மா."

"டென்ட் ஹவுஸுக்குப் போக மறக்கலியே?"

யாதம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது உப்பி, ஆவி விட்டு, அடங்கியதும் எடுத்து வைத்தாள். 

"அம்மா, உன் கங்காளத்த நான் நாலு தரம் எடுத்தேன். என் புருஷன் செத்தன்னிக்கு அதுல அரிசி போட்டு அனுப்பின. வாங்கிக்கிட்டேன். பதினோராம் நாள் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டுல ஒண்ணும் இல்ல. பக்கத்துல புளிய மரம் ஏறி உலுக்கி, ஓடு உடைச்சு, உருண்ட பிடிச்சுப் போட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ அத எடுத்து மோந்து பாத்து, நல்ல புளின்னு சொன்ன. அன்னிக்கு ராத்திரிதான் நான் சோறு தின்னேன். புருஷன் போனாலும் நாலு பேர் மாதிரி நாமும் இருக்கோம்னு தோணுச்சு. இப்ப போர்டு மாட்டியிருக்க. பதிலுக்கு ஒண்ணும் வேண்டாம்னு. என் சின்னப் பொண்ணு படிச்சுச் சொன்னா. யாதம்மாகிட்ட கொடுக்க ஒண்ணும் இல்லன்னு நீயே முடிவு பண்ணிட்டியா அம்மா? அப்படிக் கொடுக்கறதுக்குப் பேரு வேற. டென்ட் ஹவுஸ்காரன் காசு கேக்கறான். வாங்கறவன் கண்ணுக்கு நான் மனுஷியாத் தெரியறேன்."

ஆக்னஸ் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். வெட்கத்தில் காது சுட்டது. யாதம்மா சொன்னது நியாயம் என்பதைவிட, அண்டாவுக்குள் கை விட்டுத் துழாவிய ஒவ்வொரு தடவையும் அது தனக்கே தெரிந்திருந்தது என்பதுதான் அவளைச் சுட்டது. இடம் போய்விடும் என்ற பயத்தில் தெரியாதது போல இருந்துவிட்டாள்.

"எடம் இல்ல யாதம்மா" என்றாள் மெதுவாக. "குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். நான் எங்க கொண்டு வைப்பேன் இத்தனையும்? அதான் சரின்னுட்டேன்."

யாதம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குடிசையின் பக்கவாட்டைக் காட்டினாள். அங்கே பழைய தகரத்தைச் சாய்த்து இறக்கியிருந்தது. அடியில் விறகும் ஒரு ஆட்டுக்குட்டியும்.

"இது எடம் இல்லையா? என்கிட்ட கேட்டியா நீ?"

ஆக்னஸ் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியாரைக் கேட்டாள், சங்கத்தைக் கேட்டாள், கம்பெனியைக் கேட்காமலே கம்பெனி வந்தது. இருபது வருஷமாக அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்த இத்தனை வீடுகளில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. கொடுத்தே பழகியவளுக்குக் கேட்கத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இருதயராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வழக்கம்போலக் கிண்டல் செய்வார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"கடையில பேரு வெட்டுத ஊசியப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தன் நின்னாம்லா," என்றார். "அன்னைக்கு நம்ம பேரப் போடலைன்னு பெருமையா இருந்தேன். ஆனா கொட்டகை நம்ம வீட்டுலதான இருந்துச்சு. பேரு வெட்டலியே தவிர, எல்லாரும் ஆக்னஸ் அண்டான்னுதான சொல்லுதாவ?"

"அதத்தான் நானும் நெனச்சிட்டு வந்தேன்" என்றாள் ஆக்னஸ்.

பத்மப்ரியாவை வரச் சொன்னாள். அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்டாக்களை வீடுவீடாகப் பிரித்து வைக்கப்போவதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவள் எடுத்துச் செய்த முதல் காரியம் அது. ஆபீஸில் எல்லோரும் கைதட்டியிருந்தார்கள்.

"நாங்க என்ன ஆன்ட்டி தப்பு பண்ணோம்? நல்லது செய்யணும்னுதானே வந்தோம்?"

"நீங்க நல்ல பிள்ளைய. தப்பு என் மேலதான், நான்லா தலையாட்டுனேன். இத நாங்களே பாத்துக்கிடுவோம். ஆனா எங்களால முடியாத காரியம் எவ்வளவோ கெடக்கு பிள்ள. அந்த பஸ்தில ஸ்கூல் இருக்கு, நீ போய்ப் பாரு. பொம்பளப் பிள்ளையளுக்கு ஒரு பாத்ரூம் கெடையாது. பெரிய பிள்ளைய எல்லாம் அதுக்காகவே படிப்ப விட்டு நின்னுருது. யாதம்மா சின்னவ அடுத்த வருசம் நிக்கப் போறா. அத நாங்க நாலு பிடி அரிசி போட்டுக் கட்ட முடியுமா? அதுக்கு உங்கள மாதிரி பெரிய கைதான் வேணும்."

பத்மப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு குறித்துக்கொண்டாள்.

"போவும்போது யாதம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுச் செய்யி. செங்கலு எங்க வாங்கணும், எந்த மேஸ்திரி திருடமாட்டான்னு அவளுக்குத் தெரிஞ்ச அளவுக்கு உன் கம்பெனில ஒருத்தருக்கும் தெரியாது."

"கேட்கறேன் ஆன்ட்டி."

"அப்புறம் இந்த அண்டால ஒண்ணு நீ எடுத்துட்டுப் போ."

"நானா? எங்க அபார்ட்மென்ட்ல எனக்கு யாரையுமே தெரியாது ஆன்ட்டி. ஒன்றரை வருஷமா லிஃப்ட்ல சிரிக்கறதோட சரி."

"அதுக்குத்தான் சொல்லுதேன். அண்டா இருக்குன்னு தெரிஞ்சா யாராவது கேட்டு வருவாவ. அப்பம் தெரிஞ்சிக்க."

மே மாத அனலில் அண்டாக்கள் வீடு மாறின. ராமசுவாமி வீட்டு மாடிப்படி அடியில் ஒன்று. பட்டு மாமி கோபம் தீர்ந்து இரண்டு சருவம் கூடக் கேட்டு வாங்கினாள். ஜுலைகா தையல் மெஷின் பக்கத்தில் ஒன்று வைத்து, அதில் வெட்டுத் துணிகளைப் போட்டுக்கொண்டாள். எந்த வீட்டில் எது இருக்கிறது என்று ஆக்னஸ் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைச் சொல்வார்கள், அது போதும். கடைசியாகப் பெரியவரை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ரயில் கேட்டில் சிக்கிக்கொண்டு, கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் வெயிலில் நின்று, பஸ்திக்குப் போய்ச் சேர்ந்தார். ஆட்டுக்குட்டியை வெளியே கட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தில் பாத்ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்று பத்மப்ரியா ஃபோன் செய்தாள். மேஸ்திரியை யாதம்மா திட்டிய திட்டில் கால்வாசிதான் புரிந்தது, ஆனால் சிமென்ட் மூட்டை இரண்டு திரும்பி வந்துவிட்டது என்று சிரித்தாள். அப்படியே, மூன்றாவது மாடியில் யாரோ குழந்தைக்கு மொட்டை அடித்துவிட்டு அண்டா கேட்டு வந்தார்கள் என்றும், திருப்பித் தரும்போது உள்ளே ஒரு பாக்கெட் முறுக்கு இருந்தது என்றும் சொன்னாள். "நான் ஒண்ணுமே சொல்லலை ஆன்ட்டி, அவங்களாவே போட்டிருக்காங்க" என்றாள்.

ஜூன் நடுவில் முதல் மழை பெய்தது. அந்த ஞாயிறு புது ஃபிளாட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்கச் சாமியார் வருவதாக ஏற்பாடு. அறுபது பேருக்காவது பிரியாணி போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆக்னஸ் ஒரு ஆட்டோ பிடித்து, சேற்றில் கால் வைத்து, பஸ்திக்குப் போனாள். வழியெல்லாம் ஒரு மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அண்டா கேட்டுப் போகிறாள். எப்படிக் கேட்பது என்று வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

யாதம்மா ஈரத் தலையோடு வெளியே வந்தாள்.

"யாதம்மா, எனக்குப் பெரியவர் வேணும். நாளைக்கு வீடு மந்திரிக்கறோம். நீயும் பிள்ளைகளும் வந்துரணும்."

"எடுத்துக்க அம்மா. தேய்ச்சு வச்சிருக்கேன்."

இரண்டு பேருமாகப் பெரியவரை உருட்டி ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றினார்கள். ஆட்டோக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். ஆக்னஸ் ஓரத்தில் ஒடுங்கி ஏறப் போனாள்.

"நில்லு" என்றாள் யாதம்மா.

உள்ளே போனாள். ஒரு பழைய பெயின்ட் டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். அரிசி. "போன வாரம் லைன் வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போனாங்க. அவங்க போட்டது" என்று சொல்லி இரண்டு பிடி அள்ளி அண்டாவுக்குள் போட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு புளி உருண்டையை எடுத்தாள். "இது என்னோடது."

வேண்டாம், எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்ல ஆக்னஸ் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஷட்டருக்கு மேலே மாட்டியிருந்த போர்டில் எழுதியிருந்ததைத்தான் அவள் சொல்லப் போனாள். இரண்டு கையையும் நீட்டிப் புளியை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நல்ல புளி" என்றாள்.

"தெரியும்" என்றாள் யாதம்மா.

ஆட்டோ சேற்றைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு ஏறியது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பெரியவர் ஆக்னஸின் விலாவில் இடித்தார், அடியில் அரிசி சலசலத்தது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே என்ன போட்டுக் கொடுக்கலாம் என்று நாகாரம் வருகிற வரைக்கும் அவள் யோசித்துக்கொண்டே போனாள்.